சந்தேகத்துக்கும் ஒரு விலாசம் உண்டு

நன்றாக எழுதுகிறவர்களுக்குத்தான் தங்கள் எழுத்தின்மேல் சந்தேகம் வரும் என்று புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வார்கள். கேட்க இதமாக இருக்கும்; உண்மை பாதிதான். சுமாராக எழுதுகிறவர்களுக்கும் சந்தேகம் வருகிறது, வராமலும் இருக்கிறது. அதை வைத்து எழுத்தின் தரத்தை எடைபோட முடியாது. ஆனால் ஓர் எழுத்தாளரின் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நிறையக் கிடைக்கும். பல நேரம் அது மனசின் ஆழத்திலிருந்து கிளம்பியதாக இருக்காது; பிறந்த ஊரிலிருந்தோ, படித்த பள்ளியிலிருந்தோ, புத்தகம் போட ஆளில்லாத நிலைமையிலிருந்தோ வந்திருக்கும்.

இதைப் பார்க்கத் திருவனந்தபுரம் நல்ல இடம். நகரின் வடக்கே கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தொடங்கியது 1990-ல். மார்த்தாண்டம், நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் இன்று அங்கே நிறைய வேலை பார்க்கிறார்கள். அவர்களில் தமிழில் எழுத நினைக்கிறவர் ஒருவர் தயங்குவதற்கு என்னென்ன காரணம் இருக்க முடியும்? இருப்பது தமிழ்நாட்டுக்கு வெளியே, நாள் முழுக்கக் காதில் விழுவது மலையாளம், வேலை போக மிஞ்சும் நேரம் கொஞ்சம், எழுதினாலும் யார் போடுவார்கள். இந்த நான்கும் அறுபது வருஷம் முன்னால் இதே நகரத்தில் உட்கார்ந்து எழுதிய மூன்று பேருக்கும் அப்படியே இருந்தன. அவர்கள் ஆ. மாதவன், நீல. பத்மநாபன், நகுலன்.

கழக்கூட்டத்தை ஒட்டிய காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை இருக்கிறது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாக இருந்த நாளிலிருந்து வரும் துறை அது, மு. இராகவையங்கார், எஸ். வையாபுரிப்பிள்ளை, வ.அய். சுப்பிரமணியம் என்று அங்கே இருந்தவர்களின் பெயர்களைச் சொன்னாலே அதன் கனம் தெரியும். ஆனாலும் இந்த ஊரின் நவீன இலக்கியம் தமிழ்த்துறையிலிருந்து கிளம்பவில்லை. ஒருவர் கடைக்காரர், ஒருவர் மின்வாரியப் பொறியாளர், ஒருவர் ஆங்கிலப் பேராசிரியர். தமிழைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் எழுதிய தமிழ் என்பது முதலில் கவனிக்க வேண்டியது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. அன்று மாதவனுக்கு வயது 22, பத்மநாபனுக்கு 18. எழுத ஆரம்பிக்கிற வயதில், இருந்த இடத்தை விட்டு நகராமலேயே அவர்கள் மொழிச் சிறுபான்மை ஆனார்கள். பத்திரிகை, பதிப்பகம், விமரிசகர் எல்லாம் சென்னையில். கதை போய்ச் சேர நாளாகும், பதில் வர அதைவிட நாளாகும், வராமலும் போகும்.

மாதவன் பள்ளியிறுதி வரை படித்தது மலையாளத்தில். எழுத்துத் தமிழை அவராகவே படித்துத் தேர்ந்தார். ஆரம்பத்தில் எழுதியது திராவிட இயக்க இதழ்களில். பிழைப்புக்குச் சாலைக் கடைத்தெருவில் செல்வி ஸ்டோர்ஸ் என்ற கடை. பத்மநாபசாமி கோயிலின் கிழக்குக்கோட்டையிலிருந்து நீளும் அந்தச் சாலை பஜாரில் சுமட்டுக்காரர், தரகர், திருடர், பிச்சைக்காரர், விலைமகளிர் என்று வகைவகையான மனிதர் நடமாட்டம். அவர்கள்தான் அவர் கதையில் வருகிறார்கள். அந்தக் கதைகள் 1974-ல் ‘கடைத்தெருக் கதைகள்’ என்று தொகுப்பாயின. அதே ஆண்டு ‘புனலும் மணலும்’ நாவல். பின்னால் ‘கிருஷ்ணப் பருந்து’, ‘தூவானம்’. இயக்க இதழ்களின் அடுக்குமொழி அந்தத் தெருவுக்கு ஒட்டாது என்பது கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கு வேறு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும் என்றுதான் அவருடைய வாக்கியங்களைப் படித்தால் தோன்றுகிறது. பேச்சு பாதி மலையாளமாக இருக்கிற ஊரைச் சுத்தத் தமிழில் எழுதினால் பொய். மலையாள வாடையோடு எழுதினால் ‘இது என்ன தமிழ்’ என்ற முகச்சுளிப்பு. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். மலையாளத்தில் படித்தது குறையாக இருந்த இடம் போய், தகழியையும் பஷீரையும் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் நேராகப் படிக்க முடிந்த வசதியாக அது மாறியது.

அவருடைய ‘நாயனம்’ கதையை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும். சாவு வீடு. பிணத்தை எடுக்க நாயனக்காரர் வேண்டும். தேடி அலைந்து கடைசியில் கிடைத்தவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. ஊதுகிறார். அபஸ்வரம். நல்ல சாவாக முடிய வேண்டியது ஊர்வலம் முழுக்க இம்சையாகிறது. துக்கத்துக்கு வந்தவர்களின் துக்கம் போய் எரிச்சல் வருகிறது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; முகங்கள் சொல்கின்றன. கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒருவர் நாயனத்தைப் பிடுங்கி எறிகிறார். இந்தக் கதையைச் சாவுக் கதை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு இது கலையில் குறைந்தவன் சபையில் நிற்கும் கதை. அந்த நாயனக்காரர் கூலிக்கு வந்தவர்; வராமல் இருந்திருந்தால் பிணம் மௌனமாகப் போயிருக்கும், அவ்வளவுதான். எழுதுகிறவன் ராத்திரி கண்டு பயப்படும் கனவு இதுதான்: கேட்கிறவர்களுக்கு என் ஊதல் தாங்கவில்லை, எனக்கு மட்டும் தெரியவில்லை. மாதவன் அந்தப் பயத்தைப் பற்றிப் புலம்பவில்லை, கட்டுரை எழுதவில்லை. அதைக் கடைத்தெருவுக்குத் தெரிந்த ஒரு சாவு ஊர்வலத்தில் வைத்துக் கதையாக்கிவிட்டார்.

அங்கீகாரம் அவருக்கு மெதுவாகத்தான் வந்தது. விஷ்ணுபுரம் விருது தொடங்கிய 2010-ல் முதல் விருது அவருக்கு. சாகித்திய அகாதெமி விருது 2015-ல், 81 வயதில். அதுவும் நாவலுக்கோ கதைக்கோ அல்ல, ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரைத் தொகுப்புக்கு. கதைக்காரரைக் கட்டுரைக்காகப் பாராட்டிய அகாதெமியின் ரசனையைப் பற்றி இங்கே பேச இடமில்லை. விருது வரட்டும், பிறகு நம்பிக்கை வரும், பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருந்தால் ‘நாயனம்’ எழுதப்பட்டிருக்காது.

நீல. பத்மநாபன் கதை வேறு மாதிரி. 1938-ல் பிறந்தவர்; கேரள மின்வாரியத்தில் பொறியாளர். இருபத்தெட்டு வயதுக்குள் ‘தலைமுறைகள்’ எழுதிவிட்டார். இரணியல் செட்டியார் சமூகத்தின் கதை. திரவி என்ற பையன், அவனுடைய ஆச்சி உண்ணாமலை, புருஷன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட அக்கா. உரையாடல் மட்டுமல்ல, கதை சொல்லும் நடையும் அந்தச் சமூகத்தின் பேச்சோடு ஒட்டி நடக்கும். சென்னைப் பதிப்பாளருக்கு அன்று இப்படி ஒரு கையெழுத்துப்படி எப்படித் தெரிந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. புத்தகம் போட ஆள் கிடைக்கவில்லை. 1968-ல் அவரே தம் செலவில் வெளியிட்டார்.

இங்கே தன்னம்பிக்கை நூல்கள் சொல்கிற மாதிரி, ‘அவர் தம்மை நம்பினார், வென்றார்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். அது விஷயத்தைச் சுலபமாக்கிவிடும். கையில் மாதச் சம்பளம் இருந்தது. அதனால் அச்சுக்கூலி கொடுக்க முடிந்தது. அவர் நம்பினாரா, நடுங்கினாரா என்பது அச்சகத்துக்கு வேண்டாத விஷயம். புத்தகம் வந்தது. விமரிசகர் க.நா. சுப்ரமண்யம் படித்தார், உயர்வாகச் சொன்னார், பிறகு அவரே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நல்ல வாசகர் ஒருவர் கையில் புத்தகம் சேர்ந்ததால் நடந்தது இது. 2010-ல் ‘மகிழ்ச்சி’ என்ற பெயரில் திரைப்படமாகவும் வந்தது. ‘தலைமுறைகள்’ வெளிவந்து இரண்டு வருஷத்தில், 1970-ல், ‘பள்ளிகொண்டபுரம்’. ஐம்பதாவது பிறந்தநாளில் அனந்தன் நாயர் திருவனந்தபுரத் தெருக்களில் அலைகிறார். மனைவி கார்த்தியாயினி விட்டுப் போய்ப் பல ஆண்டுகள். ‘என்னிடம் என்ன குறை’ என்று தன்னையே குடைந்துகொள்ளும் மனிதரை நாவல் விடாமல் பின்தொடர்கிறது. தன்மேல் அவநம்பிக்கை கொண்டவனை இத்தனை பொறுமையோடு பார்த்த தமிழ் நாவல்கள் குறைவு. மலையாளியைத் தமிழில் எழுதலாமா என்ற கேள்விக்கு அந்த நாவலே பதில். சாகித்திய அகாதெமி விருது அவருக்கு 2007-ல் ‘இலையுதிர் காலம்’ நாவலுக்குக் கிடைத்தது.

நகுலன் என்கிற டி.கே. துரைஸ்வாமி இவர்கள் இருவருக்கும் மூத்தவர். 1921-ல் கும்பகோணத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். சி.சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் கவிதை எழுதியவர். ‘நிழல்கள்’, ‘நினைவுப்பாதை’, ‘நாய்கள்’, ‘நவீனன் டைரி’, ‘வாக்குமூலம்’ என்று நாவல்கள். புத்தகங்களில் பலவற்றைச் சொந்தப் பணத்தில் அச்சடித்தார், தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். அவருடைய நாவல்களில் திரும்பத் திரும்ப வருகிற நவீனன் ஓர் எழுத்தாளன். எழுதுகிறான், எழுதியதைச் சந்தேகிக்கிறான், சந்தேகித்ததையும் எழுதுகிறான். ‘நினைவுப்பாதை’யில் நவீனனும் நகுலனும் இரண்டு பாத்திரங்களாகவே வருகிறார்கள். மற்றவர்கள் ஒளித்துவைக்கிற தயக்கத்தை அவர் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார்.

நகுலனைப் பின்பற்றச் சொல்லி யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். சந்தேகத்தையே எழுத்தாக்குவது அவருக்குக் கைவந்தது. அவரைப் பார்த்துச் செய்தவர்கள் பலரிடம் புலம்பல்தான் மிஞ்சியது. அவரிடம் அதற்குக் கீழே கம்பனும் சங்கக் கவிதையும் ஆங்கில இலக்கியமும் கிடந்தன. அந்த அஸ்திவாரம் இல்லாமல் மேல்மாடியை மட்டும் எடுத்துப் போக முடியாது.

எழுதுகிறவர்களின் தயக்கத்தையும் தன்மேல் வரும் சந்தேகத்தையும் பற்றி ஆய்வாளர்கள் சொன்னவற்றில் மூன்று இங்கே உதவும். கலிபோர்னியாவில் மைக் ரோஸ் என்பவர் 1980-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். பத்துக் கல்லூரி மாணவர்கள். ஐந்து பேர் எழுத உட்கார்ந்தால் கை ஓடாதவர்கள், ஐந்து பேர் ஓடுகிறவர்கள். திறமையில் பெரிய வித்தியாசமில்லை. கை ஓடாதவர்களின் தலையில் விதிகள் இறுகிக் கிடந்தன: முதல் பத்தியிலேயே வாசகரைப் பிடித்துவிட வேண்டும், குறைந்தது மூன்று கருத்தாவது இருக்க வேண்டும் என்ற மாதிரி. மற்ற ஐவருக்கும் விதிகள் தெரியும், ஆனால் வேண்டாதபோது விட்டுவிடுவார்கள். மாதவனும் பத்மநாபனும் ‘எழுத்துத் தமிழ் இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்ற விதியை விட்டதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தைரியம் பெருகியதாலா எழுதினார்கள்? ஒரு விதி தளர்ந்தது, அவ்வளவே.

இரண்டாவது, ராபர்ட் பாய்ஸ் 1980-களில் கல்லூரி ஆசிரியர்களிடம் செய்தது. மனநிலை வரும்போது எழுதலாம் என்று விடப்பட்டவர்களைவிட, தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் நாள்தோறும் கொஞ்சம் எழுதியாக வேண்டும் என்று கட்டப்பட்டவர்கள் அதிகம் எழுதினார்கள். அதோடு நிற்கவில்லை, புது யோசனைகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன. கடையைத் திறந்து வைக்கிற மனிதருக்கு இதை ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டியதில்லை. வியாபாரம் ஆகும் என்று நிச்சயம் வந்தபிறகா ஷட்டரைத் தூக்குகிறார்கள்?

மூன்றாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இருவர் 1978-ல் எழுதிய கட்டுரை. பட்டமும் பதவியும் பாராட்டும் பெற்ற நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிப் பார்த்ததில், தாங்கள் தகுதியில்லாமல் ஏமாற்றி இங்கே வந்துவிட்டோம், என்றைக்காவது குட்டு வெளிப்படும் என்ற எண்ணம் அவர்களிடம் போகவில்லை என்று கண்டார்கள். சாதனை கூடக்கூட எண்ணம் கரையவில்லை. அதற்கு அவர்கள் விசேஷமாகச் சிபாரிசு செய்தது, இதே எண்ணம் உள்ளவர்கள் கூட்டாக உட்கார்ந்து பேசுவதை. அடுத்தவர் தம்மைக் குறைத்துக்கொள்வது எவ்வளவு அபத்தம் என்று நம் கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகு நம்முடையதும் தெரியும்.

திருவனந்தபுரத்தில் நடந்ததும் அதுதான். நகுலன், பத்மநாபன், மாதவன், காசியபன், ஷண்முக சுப்பையா என்று ஒரு சிறு வட்டம். மலையாளக் கவிஞர் ஐயப்பப் பணிக்கர் பக்கத்திலேயே. 1968-ல் நகுலன் ‘குருக்ஷேத்திரம்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். சென்னை கூப்பிடும் என்று காத்திராமல், இங்கேயே அச்சேற்றி அங்கே அனுப்பிய தொகுப்பு. அதில் பத்மநாபனுக்கும் இடம் இருந்தது, மூத்த சிறுகதையாளர் மௌனிக்கும் இடம் இருந்தது. முப்பது வயது எழுத்தாளர் ஒருவருக்குத் தம் பெயர் மௌனியின் பெயரோடு ஒரே அட்டைக்குள் வருவது எத்தனை பாராட்டுக்குச் சமம் என்று சொல்ல வேண்டுமா.

தெற்கே நாகர்கோவிலிலும் இதே கதைதான். 1931-ல் பிறந்த சுந்தர ராமசாமி சிறு வயதில் கோட்டயத்தில் வளர்ந்தவர். பதினெட்டு வயதுக்கு முன் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. 1966-ல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ வந்து பெயர் கிடைத்தபிறகு, மேலே மேலே எழுத வேண்டியவர் சில ஆண்டுகள் எழுதாமல் இருந்தார். மௌனம் 1973-ல்தான் கலைந்தது. திரும்பி வந்தவர் பழைய நடையில் எழுதவில்லை. அந்த வழி 1981-ல் ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளில் போய் நின்றது, ஒரு மலையாள எழுத்தாளனைக் கற்பனையில் உருவாக்கி, அவனை வைத்துத் தமிழ் எழுத்தையே கேள்வி கேட்ட நாவல். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஆண்டுகள் வறட்சி. எழுதாத காலத்தை எல்லாம் தோல்விக் கணக்கில் எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம்மிடம் இல்லை. அவர் வீட்டில் ‘காகங்கள்’ என்ற பெயரில் நண்பர்கள் கூடிப் பேசிய கூட்டங்கள் பின்னால் பலரை எழுத வைத்தன.

தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரானுக்கு நிலைமை இன்னும் மோசம். மலையாளத்தில் படித்தவர், தமிழில் எழுதப் பழக்கமில்லை. மலையாளத்தில் எழுதி, பிறர் உதவியோடு தமிழுக்குக் கொண்டுவந்தார். திருநெல்வேலியில் மிளகாய்வத்தல் வியாபாரம். இந்த நிலையில் ஒருவர், ‘தமிழ் எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன அருகதை’ என்று கேட்டுக்கொண்டு ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-ல் புத்தகமாயிற்று. ‘சாய்வு நாற்காலி’க்கு 1997-ல் சாகித்திய அகாதெமி விருது.

வட்டம் என்று சொன்னதும் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சிறுபத்திரிகைக் குழுக்கள் ஒருவரையொருவர் தூக்கிவிட்டதைப் போலவே காலையும் வாரியிருக்கின்றன. ஒரே குழுவுக்குள் மாறி மாறிப் பாராட்டிக்கொண்டு, வெளியே இருக்கும் எல்லாரையும் குப்பை என்று தள்ளுகிற பழக்கமும் அங்கேதான் வளர்ந்தது. புதிதாக வந்த ஒருவரின் முதல் கதையை நாலு பேர் நடுவே கிழித்துப்போட்டுவிட்டு அதை விமரிசன நேர்மை என்று சொன்னவர்கள் உண்டு. அதில் எழுதுவதையே விட்டவர்களின் பெயர் இலக்கிய வரலாற்றில் வராது. ஆகவே பெரிய வட்டம் தேவையில்லை. வாக்கியத்தைப் பார்த்து, ‘இது ஒட்டவில்லை’ என்று சொல்லத் தெரிந்த, ஆளைப் பார்த்து, ‘உனக்கு வராது’ என்று சொல்லாத இரண்டு வாசகர் போதும். இந்த வித்தியாசம் தெரியாத ஆசிரியரிடமும் நண்பரிடமும் கையெழுத்துப்படியைக் கொடுக்காமல் இருப்பது உத்தமம்.

கழக்கூட்டத்து இளைஞரின் நிலைமை ஒருவகையில் சுலபம், ஒருவகையில் கடினம். அனுப்ப ஒரு நிமிஷம் போதும். பதிலும் அதே வேகத்தில் வருகிறது. மாதவன் தலைமுறைக்கு மௌனம் தொல்லை. இவருக்கு இரைச்சல் தொல்லை. எழுதி முடித்து ஆறப்போடுவதற்குள் நாலு பேர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள், அதில் ஒருவராவது கடைசி வரை படித்திருப்பாரா என்பது சந்தேகம். அவசரப் பாராட்டும் அவசர ஏச்சும் ஒரே மாதிரிக் கெடுதல்தான். சம்பளம், ஒழுங்காகக் கிடைக்கும் ஒரு மணி நேரம், தூரத்தில் இருந்தாலும் கவனித்துப் படிக்கும் இருவர், இரண்டு மொழி தெரிந்த காது — பழையவர்களிடம் இருந்தவை இவையே. இந்த நான்கும் இவருக்கும் கிடைக்கக்கூடியவை.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. எழுத்தாளர்களின் தயக்கத்தைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் அச்சான புத்தகத்தை வைத்து. அச்சாகும்போது தயக்கம் எல்லாம் அழிந்துபோய்விடும். அடித்துத் திருத்திய பிரதியிலும் நண்பருக்குப் போட்ட இன்லண்டு லெட்டரிலும்தான் அது தங்கியிருக்கும். மாதவனும் நகுலனும் இப்போது இல்லை; நகுலன் 2007-லும் மாதவன் 2021-லும் காலமானார்கள். அவர்களோடு பழகியவர்கள், கடிதம் பெற்றவர்கள் திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கட்டு இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள். காரியவட்டம் தமிழ்த்துறையையோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.